கீறல் எந்தப் பக்கம்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து எங்கள் தங்கை பேருந்தேறி, கள்ளக்குறிச்சியிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்தாள். துணிப்பையிலிருந்து அவள் எடுத்து வைத்தது ஒரு குறுந்தகடு. 2004-ஆம் ஆண்டு நடந்த அவளது திருமணப் பதிவு அது. ஈராண்டுகளுக்குப் பின் மறைந்த எங்கள் அன்னையின் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை. உறையின்றித் தகரப் பெட்டியில் கிடந்ததால், அதன் பளபளக்கும் அடிப்பக்கம் எங்கும் கீறல்கள்.

"அண்ணா, அம்மா குரல் போயிடுச்சா?" என்றாள். எங்களிடம் விடை இல்லை.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. கனமும் உடையது. லேசர் ஒளி அடியிலிருந்து பிளாஸ்டிக்கை ஊடுருவிச் சென்று, பெயர் எழுதும் மேற்பக்கத்தை ஒட்டியுள்ள மெல்லிய படலத்தைப் படிக்கிறது. ஆகவே அடிப்பக்கக் கீறல் சன்னல் கண்ணாடியில் விழுந்த கீறல் போன்றதே. பார்வை மங்குமேயன்றி, அப்பாலுள்ள பொருள் அழிவதில்லை. பதிவும் ஓரிடத்தில் குவியாமல் பரவலாக இடப்படுவதால், சிறிய இழப்பை அருகிலுள்ளவை ஈடுசெய்கின்றன.

முதலில் சோப்பு நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றினோம். பின்பு வெள்ளைப் பற்பசையைச் சிறிதளவு தொட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோடாகத் தேய்த்தோம். வட்டமாகத் தேய்த்தல் ஆகாது. பதிவு சுருள்வட்டமாகச் செல்வதால், அதன் போக்கிலேயே விழும் புதுக்கீறல் தொடர்ச்சியான பகுதியை விழுங்கிவிடும். பற்பசையின் நுண்துகள்கள் கீறலின் கூர்விளிம்பைத் தேய்த்து மழுக்குகின்றன; ஆழக்கீறலுக்கு இம்முறை பயன்படாது.

கழுவி உலர்த்திக் கணினியில் இட்டோம். அன்னை பேசினார்! விருந்தினரை உபசரித்தார், பேரனை அதட்டினார். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இறுதியில் மணமக்கள் முன் அவர் கையுயர்த்தி வாழ்த்தத் தொடங்கியதும் படம் உறைந்தது. எத்தனை முறை தேய்த்தும் அப்பகுதி மீளவில்லை.

தகட்டை விளக்கொளியில் பிடித்தபோது காரணம் புரிந்தது. மேற்பக்கத்தில், விளிம்பையொட்டி, பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதிய 'அம்மா' என்னும் சொல். அதன் கோடுகள் வழியே ஒளி கசிந்தது. குறுந்தகடு உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்வதால், விளிம்பில் இருந்தது பதிவின் முடிவு. எழுதியவர்கள் நாங்களே, அவர் மறைந்த வாரத்தில், தொலைந்துவிடக் கூடாதே என்று எழுதினோம்.

கேட்பாரற்றுக் கிடந்த காலத்தின் கீறல்கள் தேய்த்ததும் நீங்கின. பாசத்தோடு நாங்கள் அழுத்திய தடம் மட்டும் நீங்கவில்லை. மீண்டதை இரண்டு படிகளாக எடுத்தோம்; ஒன்று மலைக்குச் சென்றது. இம்முறை பெயரை உறையின் மீது மட்டுமே எழுதினோம்.

"அம்மா என்ன சொல்லி வாழ்த்தினாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணா" என்றாள் தங்கை, பேருந்தில் ஏறும்போது.