சிலிண்டர் இருந்தால் மட்டும் போதாது



கொஞ்சம் நீண்ட பதிவு. கடலுக்குப் போகும் ஆட்கள் உள்ள வீட்டார் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

நான் விஞ்ஞானம் படிப்பித்த பொடியன் ஒருவன். பெயர் வேண்டாம், கிண்ணியாவில் பாதிப் பேருக்கு ஆள் விளங்கிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை திருகோணமலையில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கிறான். சனி, ஞாயிறுகளில் நிலாவெளியில் ஒரு டைவ் சென்டரில் வேலை. உல்லாசப் பயணிகளை முதுகில் காற்றுச் சிலிண்டரோடு புறாத்தீவுப் பக்கம் கடலுக்கடியில் கூட்டிப்போகும் இடம் அது.

ஊரில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? "படிக்கப் போன பொடியன் வெள்ளைக்காரிகளோட கடல்ல குளிக்கிறான்." தேத்தண்ணிக் கடையில் என் காதாலேயே கேட்டேன்.

அவன் செய்வது இதுதான். சுபஹ் தொழுதுவிட்டு முதல் பஸ் பிடிக்கிறான். சிலிண்டர்களுக்குக் காற்று அடிக்கிறான், போட்டில் ஏற்றுகிறான், இறக்குகிறான். திரும்பி வந்ததும் எல்லாச் சாமான்களையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயப் போடுகிறான். போட்டில் இடம் இருக்கும் நாளில் அவனும் இறங்கலாம். சம்பளத்தை விட அவனுக்கு அதுதான் பெரிது. ஒவ்வொரு தடவையும் எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம் என்று கொப்பியில் எழுதுகிறான். இதுவரை 34. 'டைவ் மாஸ்டர்' பயிற்சியில் சேர 40 வேண்டும், முடிக்க 60 வேண்டும். அதே பையில் கணக்கியல் நோட்ஸும் இருக்கிறது. பஸ்ஸில் படிக்கிறான்.

போன மாதம் அவனுடைய உம்மா என்னைத் தேடி வந்தார். "சேர், நீங்க சொன்னாக் கேப்பான். இந்த வேலைய விடச் சொல்லுங்க."

ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வந்தார் என்றுதான் நினைத்தேன். இல்லை. "என்ட காக்காவும் சுழியோடித்தான் சேர். இப்ப கம்பு இல்லாம நடக்க ஏலா."

அந்த மனிதரை எனக்குத் தெரியும். கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கியவர். ஒரு நாள் மேலே வந்து வள்ளத்தில் ஏறியதும் இடுப்புக்குக் கீழே விறைத்துவிட்டது. வயது 31. இப்படி ஓரிருவர் எங்கள் கரையோர ஊர்கள் பலவற்றில் இருக்கிறார்கள். "கடல் அடிச்சிட்டு" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம்.

அஸர் தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமாவும் வந்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. "நீ படிச்சதை உம்மாக்குச் சொல்லு மகன்" என்றேன்.

அவன் ஒரு கொப்பித் தாளை எடுத்தான். கடல் மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொன்று கூடும். 20 மீற்றரில் மூன்று மடங்கு. 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் காற்று என்றால் 2400 லீற்றர். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு மேலே 120 நிமிடம் வரும். அதே சிலிண்டர் 20 மீற்றரில் 40 நிமிடம்தான்.

பத்தாம் வகுப்பில் நீர்நிலையியல் அமுக்கம் என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தது இதைத்தான். பரீட்சைக்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. இவனுக்கு அது உயிர்க் கணக்கு.

உம்மா கேட்டார்: "மாமாக்கும் சிலிண்டர் இருந்திச்சுதானே?"

"சிலிண்டர் இருந்தா மட்டும் போதாது உம்மா" என்றான். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு கூடுதலாகக் கரையும். மெல்ல ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும். அவசரமாக ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்தது போல உடம்புக்குள்ளேயே குமிழி வரும். அது முள்ளந்தண்டில் போய் அடைத்தால் கால் போகும். அதனால் இவர்கள் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறுவதில்லை. 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்கிறார்கள். கையில் கட்டியிருக்கும் சின்னக் கணினி எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிறது. வகுப்பில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது, முந்திய நாள் இவன் கடலில் இறங்கவே இல்லை. மலை உயரத்தில் அமுக்கம் குறைவு, அதுவும் குமிழியை உண்டாக்கும்.

மாமா அதுவரை பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் அந்த மூணு நிமிசம் நிண்டிருந்தா?"

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது மட்டும் காணாது மாமா. நீங்க ஒரு நாளைக்கு எத்தன சிலிண்டர்?"

"அஞ்சு."

"எவ்வளவு ஆழம்?"

"ஆரு மகன் அளந்த?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

கடைசியில் மாமாதான் தங்கையிடம் சொன்னார்: "அவன் போகட்டும். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல." உம்மா இரண்டு நிபந்தனை போட்டார். வகுப்பு வரவு 80 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது. பரீட்சை மாதத்தில் கடல் இல்லை. அவன் ஒத்துக்கொண்டான். எப்படியும் வாடைக் காற்று தொடங்கினால் நிலாவெளியில் வேலையும் இருக்காது, படிக்க நேரம் கிடைக்கும்.

இனி ஊருக்குச் சில வார்த்தைகள்.

இந்தப் பிள்ளை உழைத்துப் படிக்கிறான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடுப்போடுதான் கடலில் இறங்குகிறான். லுஹர் தவறுவதில்லை. சூரா ரஹ்மானில் முத்தையும் பவளத்தையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகச் சொல்கிறான். அவற்றைப் போய்ப் பார்க்கும் பிள்ளையைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கிழிக்க வேண்டாம்.

சுழியோடும் சகோதரர்களே, மேலே வந்த பிறகு மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, சிறுநீர் போகாமை இருந்தால், "திரும்ப இறங்கினாச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள். எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுழியோடினேன் என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒட்சிசன் கொடுப்பதுதான் முதல் சிகிச்சை, அமுக்க அறை அடுத்தது. ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.

வள்ள முதலாளிமாரே, ஆள் இறங்கும் ஆழத்தையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். கொப்பி 100 ரூபாய். கால் போனால் எந்த விலைக்கும் வராது.

அந்தப் பொடியன் இதைச் சுழியோடிகளுக்கு எங்கட தமிழில் சொல்லிக்கொடுக்க விரும்புகிறான். மாமாவும் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு வைக்கலாம் என்று யோசிக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பள்ளிவாசல் நிருவாகமோ மீனவர் சங்கமோ இடம் தந்தால் போதும். தருபவர்கள் உள்பெட்டியில் அறிவியுங்கள். வீட்டில் சுழியோடி இருந்தால் இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.