கூடத்தைப் பென்சிலில் எடுத்து வைத்தேன்

சம்பா அறுப்பு முடிஞ்சதும் எங்க ஓட்டு வீட்டைப் பிரிக்கிறதுன்னு முடிவாயிடுச்சு. உத்திரத்துல கறையான், மழைக்கு மூணு இடத்துல ஒழுகுது. இனிமே தாங்காது. அம்மாவும் சரின்னுதான் சொன்னாங்க. ஆனா சொன்னதுலேர்ந்து பேச்சே குறைஞ்சு போச்சு.

செல்போன்ல நிறைய போட்டோ எடுத்தாச்சு. கூடம் முழுக்க ஒரே படத்துல வரணும்னா ஓரத்துத் தூண் சாயுது. கண்ணாடி ஓட்டு வெளிச்சம் வெளிறிப் போகுது. பத்தாயம் இருக்கிற மூலை ஒரே கறுப்பா அப்பிக்குது. அதான் பென்சிலை எடுத்தேன்.

அறையை வரையறதுக்கு பெர்ஸ்பெக்டிவ்னு ஒரு கணக்கு இருக்கு. பயந்துடாதீங்க, நமக்குத் தெரிஞ்சதுதான். ஒற்றை நாற்று நடவுல கயிறு பிடிச்சு 25 சென்டிமீட்டர் இடைவெளியில நடுறோம். வரப்புல நின்னு பாத்தா, அந்த வரிசையெல்லாம் தூரத்துல ஒண்ணா சேர்ற மாதிரி தெரியும். அந்தச் சேர்ற இடம்தான் மறையும் புள்ளி. இதை முறையா எழுதி வச்சவர் இத்தாலிக்காரர் ஆல்பெர்ட்டி, 1435-ல. டச்சு ஓவியர் வெர்மீர் வரைஞ்ச பல அறைப் படங்கள்ல அந்தப் புள்ளியில ஊசி குத்தின ஓட்டை இருக்கு. அதுல நூல் கட்டி கோடு இழுத்திருப்பார்னு சொல்றாங்க. நாம வயல்ல செய்யற வேலைதான்!

நானும் குண்டூசி குத்தி நூல் கட்டினேன். உத்திரம், சுவரும் தரையும் சேர்ற விளிம்பு, பத்தாயத்தோட பக்கவாட்டு விளிம்பு எல்லாம் அந்தப் புள்ளியைப் பாத்துதான் போகும். தூண் மட்டும் நேரா நிக்கும், தள்ளிப் போகப் போக சின்னதாகும். வரிசையா மூணு தூண். நடுத்தூண் எங்கன்னு கண்டுபிடிக்க ஸ்கேல் வேண்டாம். முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் நடுவுல குறுக்கும் நெடுக்குமா பெருக்கல் குறி போட்டா, வெட்டிக்கிற இடம்தான் நடுத்தூண்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணணும்: கண்மட்டம். கொத்தனார் ரசமட்டம் வைக்கிற மாதிரி, பாக்குறவங்க கண்ணோட உயரத்துக்கு ஒரு படுக்கைக் கோடு. நான் நின்னு பாத்தா அஞ்சடி. அம்மா எப்பவும் முதல் தூணுக்குப் பக்கத்துல சுவர்ல சாஞ்சு தரையில உக்காருவாங்க. அங்கேர்ந்து பாத்தா ரெண்டரை அடி. நானும் அங்கேயே உக்காந்தேன். இத்தனை வருஷம் நான் பாத்த கூடமே இல்லைங்க அது. பத்தாயம் மலை மாதிரி நிக்குது, உத்திரம் ரொம்ப உயரத்துல இருக்கு, முற்றத்துக்கு மேல வானம் கொஞ்சம் தெரியுது. அந்த மட்டத்துலயே கோடு போட்டேன்.

அப்புறம் நிழல். H கடினம், B கறுப்பு. முதல்ல HB-யில மெல்லிசா, அதுக்கு மேல 2B, பத்தாயத்து மூலைக்கு 6B. விரலால தேய்க்கக்கூடாது, அழுக்காயிடும். பக்கம் பக்கமா கோடு போட்டாலே போதும். உருண்டைத் தூண்ல ஒரு விஷயம் கவனிச்சேன். ரொம்ப இருட்டு ஓரத்துல இல்ல, கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. ஓரத்துல தரையில பட்ட வெளிச்சம் திரும்பி அடிக்குது. கண்ணாடி ஓட்டுலேர்ந்து தரையில விழுற சதுரத்துக்குப் பென்சிலே வேண்டாம், பேப்பரை வெள்ளையா விட்டா அதுவே வெயில். ஆனா அந்த வெயில் நகர்ந்துகிட்டே இருக்கும். அதனால தினமும் பத்து மணிக்கு அரை மணி நேரம்தான் உக்காருவேன். ஒன்பது நாள் ஆச்சு.

முடிச்சதும் அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் கையில வச்சுப் பாத்தாங்க. “ஏண்டா, எல்லாம் இருக்கு, நான் எங்க?”ன்னு கேட்டாங்க.

“நீ பாக்குறதைத்தான்மா வரைஞ்சிருக்கேன். அதான் நீ இதுல இல்ல”ன்னேன்.

ஒண்ணும் சொல்லல. பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சாங்க. அப்புறம் கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கு அந்தப் பத்தாயம் எங்க இருந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு மத்தியானம் சாப்பிடற வரைக்கும் பேசினாங்க.

நீங்களும் பழைய வீட்டைப் பிரிக்கப் போறீங்கன்னா, அதுக்கு முன்னாடி ஒரு பென்சில் வாங்குங்க. அந்த வீட்டுல யாரு அதிகமா உக்காந்திருந்தாங்களோ, அவங்க இடத்துல உக்காந்து வரைங்க.