பத்மினிக்குப் புதுக் கண்ணாடி

அக்டோபர் 4

இரவு தாம்பரத்திலிருந்து திரும்பும்போது எதிரே வந்த பஸ்ஸின் ஹெட்லைட் பட்டதும் சாலையே தெரியவில்லை. காரின் முன்கண்ணாடியில் விரிசல் ஏதும் கிடையாது. 1986-இலிருந்து வைப்பர் தேய்த்துத் தேய்த்துப் போட்ட கோடுகள்தான் காரணம். பகலில் கண்ணுக்குப் படாது. எதிர்வெளிச்சம் விழுந்தால் சிதறி முழுக் கண்ணாடியும் வெளுத்துவிடும். அப்பா ஓட்டிய பத்மினி கார், விற்க மனமில்லை. மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

அக்டோபர் 7

சென்னை புதுப்பேட்டை, வண்டி உதிரிபாகக் கடைத்தெரு. கடைக்கார பாய் இரண்டு கண்ணாடி எடுத்து வைத்தார். ஒன்று, வேறொரு பத்மினியிலிருந்து கழற்றிய டஃபன்ட். மற்றது புது லேமினேட்டட். விலை இரண்டு மடங்குக்கும் மேல். "ஊருக்குள்ளதானே ஓட்டுறீங்க சார், டஃபன்டே போதும்" என்றார். போதாது. டஃபன்ட் கண்ணாடியில் கல் பட்டால் முழுவதும் ஒரே நொடியில் கற்கண்டுத் தூளாகிவிடும். ஓட்டுபவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். விரிசல் விடும், உதிராது, வழி தெரியும். 1903-இல் எதுவார் பெனெதிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலர் கைதவறிப் போட்ட குடுவை, உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து ஒட்டியிருந்ததால் உடைந்தும் உதிராமல் நின்றதாம். அங்கே தொடங்கியது இந்தக் கண்ணாடி. மூலையில் ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். கண்ணாடியைச் சுற்றிப் பொருத்தும் பீடிங் ரப்பரும் புதிது.

அக்டோபர் 11

இறுகிப்போன பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அடியில், ஃபிரேமின் இரண்டு கீழ் மூலைகளிலும் துரு. ஒன்றில் விரல் நுழையும் ஓட்டை. போன மழையில் தரைவிரிப்பு நனைந்ததன் காரணம் இதுதான். பட்டி வைத்து மூடிவிடலாம் என்றார் பொருத்த வந்தவர். ஒத்துக்கொள்ளவில்லை. பட்டிக்கு அடியில் துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். வண்டி டிங்கரிடம் போனது. துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வெல்டிங், ப்ரைமர், பெயின்ட்.

அக்டோபர் 16

இன்றைக்குப் பார்த்தது நல்ல கைவேலை. முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார்கள். அதன் உள்பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஃபிரேமில் வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்த பையன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது. வெளியே பெரியவர் உள்ளங்கையால் அழுத்தியபடி அவன் கயிற்றோடு கூடவே நகர்ந்தார். மூலையில் அவசரப்பட்டு ஓங்கித் தட்டினால் புதுக் கண்ணாடியே விரிசல் விடும். அவர் ஒருமுறைகூடத் தட்டவில்லை. பிறகு ஹோஸ் வைத்து நன்றாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரப்பரை எடுத்ததும், புதுக் கண்ணாடியைத் தூக்குவதற்கு முன், அந்தக் கீழ் மூலைகளை நீங்களே குனிந்து பாருங்கள்.