ஷாஸ்டாவின் உள்சுவர்

1950, 60-களில் செய்த ஷாஸ்டா டிரெய்லர் எதற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது சுவரின் நிறம். கொம்புத்தேனைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தாற்போல் ஒரு செம்மஞ்சள். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் இந்தச் சக்கர வீட்டை 1941-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் கிரே என்பவர் ராணுவத்தினர் தங்குவதற்காகச் செய்ய ஆரம்பித்தார். போர் முடிந்ததும் விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்கள் வாங்கின. பின்பக்கம் இரண்டு சிறகு வைத்திருப்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை, அழகுக்குத்தான். 2015-இல் 1961 மாடலை அப்படியே மறுபடி செய்து 1,941 வண்டிகள் மட்டும் விற்றார்கள் என்றால் அமெரிக்கர்களுக்கு அதன் மேலுள்ள மோகத்தைப் புரிந்துகொள்ளலாம். எனக்கும் தொற்றிக்கொண்டது.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் டெக்ஸஸில் மட்டகோர்டா அருகே கரையேறியது. முதல் வகைப் புயல்தான், ஆனாலும் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓக் மரக்கிளை ஒன்று முறிந்து, அங்கே நின்ற என் ஷாஸ்டாவின் கூரைமேல் விழுந்தது.

கூரைத் தகடு கிழிந்தால் கூரையோடு வேலை முடிவதில்லை. வெளியே தெரிவது மெல்லிய அலுமினியத் தகடு. வீட்டைத் தாங்குவது அதற்குள் இருக்கும் மர ரீப்பர். புகுந்த தண்ணீர் ரீப்பர் வழியாகவே இறங்கி, கீழ் மூலையில் தேங்கி, அங்கிருந்து மரத்தைத் தின்னத் தொடங்கும். கூரைத் தகட்டை எடுக்க ஓரத்து மோல்டிங்கைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்றினால் காய்ந்து பொடிந்த பழைய புட்டி தெரியும். அதற்குக் கீழே இன்னொரு இற்றுப்போன ரீப்பர். இதெல்லாம் உழைப்பு, அவ்வளவுதான். அளவெடுத்து அறுத்து மாட்டினால் தீர்ந்தது.

தீராதது உள்சுவர். ஊறி உப்பிய பலகைகளுக்குப் பதிலாகப் புது பிர்ச் பிளைவுட் வாங்கினேன். பழைய சுவரின் பக்கத்தில் அது வெளிறிப்போன நோயாளிபோல நின்றது. கடையில் கிடைத்த எந்த ஸ்டெயினும் ஒத்துவரவில்லை. ஒன்று காபி நிறம், இன்னொன்று காவி.

பெயின்ட் கடையில் ஒரு பெரியவர் சோதனை சொல்லிக்கொடுத்தார். அலமாரியின் உட்புறம், வெயில் படாத ஓரிடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து அழுத்திப் பிடி. பூச்சு இளகி ஒட்டினால் ஷெல்லாக். அசையாவிட்டால் தின்னரில் பார். அதில் இளகினால் லாக்கர். அதற்கும் மசியவில்லை என்றால் பெரும்பாலும் வார்னிஷ். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். ஸ்பிரிட்டிலேயே பஞ்சு பிசுபிசுத்துப் பழுப்பாகியது.

ஷெல்லாக் என்றால் நம்முடைய அரக்குதான். பாண்டவர்களைக் கொளுத்தத் துரியோதனன் கட்டிய மாளிகைக்குப் பூசிய அதே சரக்கைப் பூசிய பெட்டிக்குள் அமெரிக்கர்கள் கேஸ் அடுப்பையும் வைத்து ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள்!

ஒரு மேற்குக் கரைத் தொழிற்சாலைக்கு இது எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் தேடப் போனால், பதில் போர்க்காலத்து உத்தரவுகளில் இருந்தது. 1942-இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம், இசைத்தட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தும் ஷெல்லாக்கை 70 சதவீதம் வெட்டியது. சரக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வர வேண்டும், ராணுவத்துக்கும் அது தேவை. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதுத் தட்டு வார்த்தார்கள். பாகவதர் பாட்டைச் சுமந்த தட்டுகளும் இந்த அரக்கில் ஆனவையே.

அடுத்த முறை இந்தியா வந்தபோது, ஜாம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ் நண்பர் ஒருவர் என்னை ராஞ்சிக்குத் தெற்கே குந்தி மாவட்டத்துக்குக் கூட்டிப்போனார். நாட்டின் அரக்கில் பாதிக்கும் மேல் ஜார்க்கண்டில் விளைகிறது. 1924-இலேயே ராஞ்சி பக்கத்து நாம்கூமில் இதற்கென ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருக்கிறார்கள். இலந்தை, புரசு, குசும் மரங்களின் இளங்கிளைகளில் கடுகைவிடச் சிறிய பூச்சிகள் ஒட்டிச் சாற்றை உறிஞ்சுகின்றன. தங்களை மூடிக்கொள்ளக் கசியவிடும் பிசின்தான் அரக்கு. ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து கிளையிலிருந்து அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டியதை இடித்துக் கழுவினால் சிவப்புச் சாயம் போய்விடும். செயற்கைச் சாயங்கள் வருவதற்குமுன் வியாபாரிகள் தேடி வந்ததே அந்தச் சாயத்துக்காகத்தான். மிஞ்சும் மணிகளை நீளத் துணிப்பையில் திணித்துக் கரிநெருப்பின் எதிரே முறுக்குவார்கள். உருகிக் கசிவதை வழித்து, சூடு ஆறுவதற்குள் கையாலும் காலாலும் பிடித்திழுத்துத் தாளாக விரித்து, ஆறியதும் நொறுக்குவார்கள். அந்தச் செதில்தான் ஷெல்லாக். நான் வாங்கிய டின்னில் குந்தியின் பெயரும் இல்லை, ஜார்க்கண்டின் பெயரும் இல்லை. போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

திரும்பிவந்து ‘ஆம்பர்’ ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் இளக்கிப் பூசினேன். ஹூஸ்டன் கோடையின் ஈரக்காற்றில் பூசினால் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் குளிர்கால வறண்ட நாளுக்குக் காத்திருந்தேன். ஓரிரு பூச்சிலேயே புதுப் பலகை பழைய சுவரோடு சேர்ந்துகொண்டது.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து பீரோவோ ஊஞ்சல் பலகையோ பாலிஷ் மங்கிக் கிடந்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன் மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் சுரண்ட வேண்டாம். தூசியும் மெழுகும் போகத் துடைத்துவிட்டு மேலேயே புது ஷெல்லாக் பூசலாம். அதிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.