காற்றில் கிடக்கும் உரம்

மறுநடவு செய்யப்பட்ட செம்பனைத் தோட்டத்தைக் கடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் கன்றுகள் நிற்கும். அவற்றுக்கிடையே நிலம் தெரியாதபடி பச்சைக் கொடி படர்ந்திருக்கும். கவனிப்பாரற்ற தோட்டம் என்றே பலர் எண்ணுவர். உண்மையில், அக்கொடி களை அன்று. விதைத்து வளர்க்கப்படும் மூடுபயிர். பியூராரியா, கலப்போகோனியம் போன்றவை அத்தகைய பயற்றினக் கொடிகளாகும்.

பயிர் தழைக்க நைட்ரஜன் தேவை. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செம்பனையால் அதை நேரடியாகப் பெற முடியாது. பயற்றினச் செடிகளோ அதற்கு வழி கண்டுள்ளன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கேற்ற உணவாக மாற்றுகின்றன. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டார். நன்கு செயல்படும் முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால், உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். கொடியின் இலைகள் உதிர்ந்து மட்கும்போது அச்சத்து மண்ணில் சேர்ந்து செம்பனைக்கும் கிட்டுகிறது.

யூரியா உரம் இதைவிட விரைவாகப் பலன் தரும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன் உள்ளது. ஆயினும், அதில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கும். பெருமழை பெய்தால் மற்றொரு பகுதி கரைந்து ஓடும். ஆண்டுக்கணக்கில் அளவின்றி இட்டால் மண்ணின் அமிலத்தன்மையும் கூடும். மேலும் ஒரு விந்தை உண்டு. நைட்ரஜன் மிகுந்த மண்ணில் பயற்றினச் செடி தன் வேர்முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். உழைக்காமலே உணவு கிடைத்தால் உழைப்பானேன்?

அப்படியானால், உரமே வேண்டாமா? அவ்வாறும் கூற இயலாது. வெட்டி எடுக்கப்படும் ஒவ்வொரு குலையோடும் மண்ணின் சத்தும் வெளியேறுகிறது. அந்த இழப்பைக் கொடி மட்டுமே ஈடுசெய்யாது. மேலும், கொடிக்கும் பாஸ்பேட் உரம் வேண்டும். கன்றின் மேல் ஏறாதவாறு அதை அடிக்கடி அகற்றவும் வேண்டும். கன்று நட்ட பின் மூன்று ஆண்டுகள்வரை பெரும்பாலும் வருமானமின்றிக் காத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு, உரத்திற்குச் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியும் பெரிது. எனவே, மண்ணையும் இலையையும் சோதித்து, கொடி தருவது போக எஞ்சிய தேவைக்கு மட்டும் உரமிடுவதே அறிவுடைமை.

சில ஆண்டுகளில் செம்பனை ஓலைகள் ஒன்றோடொன்று கைகோக்கும். அந்த நிழலில் கொடி மெல்ல மடியும். பின்னாளில் குலை வெட்டுபவரின் கண்ணுக்கு அது தென்படாது. ஆனால், அது விட்டுச்சென்ற சத்தை வேர்கள் உண்டுகொண்டிருக்கும்.