ஆடும் ஸ்டியரிங்

மோட்டார் வண்டியின் ஸ்டியரிங்கிற்குத் ‘திசைமாற்றி’ என்று அறிஞர் பெருமக்கள் அழகிய தமிழ்ப் பெயர் சூட்டியுள்ளனர். ஆயினும் தீர்த்தமலைச் சாலையில் வண்டி ஓட்டும் ஒருவரிடம் “உமது திசைமாற்றி நலமா?” என்று வினவினால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே இக்கட்டுரையில் நாமும் ஓட்டுநர்களின் சொற்களையே கையாளுகிறோம். மொழிப்பற்றுள்ள வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

நமது பங்கு இல்லத்து வண்டிக்கு வயது இருபதைக் கடந்துவிட்டது. ஜீப் இனத்தைச் சேர்ந்தது. பெயர் என்னவோ பங்குத்தந்தையின் வண்டி. உண்மையில் அது ஊரின் வண்டி. கிளை ஊர்களுக்குத் திருப்பலிக்குச் செல்வதும் அதுவே. விடுதிக்கு அரிசி மூட்டை கொண்டுவருவதும் அதுவே. நள்ளிரவில் பிரசவ வலி கண்டவரை ஏற்றிக்கொண்டு அரூர் அரசு மருத்துவமனைக்கு ஓடுவதும் அதுவே. ஓட்டுபவரும் ஒருவரல்லர். நமது ஓட்டுநர் குட்டையானவர். துணைப் பங்குத்தந்தை பனைமரம் போன்றவர். விடுமுறைக்கு வரும் குருமாணவர்கள் பலதரம். ஆளுக்குத் தக்கவாறு ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்த்துக்கொள்ள அதன் அடியில் ஒரு பிடி உண்டு. இதற்கு ‘டில்ட் ஸ்டியரிங்’ என்று பெயர். அம்பாசிடர் காலத்தில் இந்த வசதி கிடையாது. ஓட்டுபவர்தாம் வண்டிக்கேற்ப வளைந்துகொள்ள வேண்டும். இக்காலத்தில் வண்டி நமக்கேற்ப வளைகிறது. அவ்வாறு வளையும் இடமே முதலில் தேய்கிறது.

இப்பங்கின் பொறுப்பை நாம் ஏற்றுப் பத்து நாட்கள்கூட ஆகவில்லை. ஓர் இரவு, பிரசவ வலியால் துடித்த ஒரு பெண்ணையும் அவருடைய தாயாரையும் பின்னிருக்கையில் அமர்த்தி அரூர் நோக்கிப் புறப்பட்டோம். ஓட்டுநர் அருகே நாம் அமர்ந்திருந்தோம். ஒரு வேகத்தடையைத் தாண்டி வளைவில் திரும்பும் வேளையில், ‘தடக்’ என்ற ஓசையோடு ஸ்டியரிங் முழுவதும் கீழே இறங்கி ஓட்டுநரின் தொடைமீது அமர்ந்தது. எதிரே ஒரு கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பதறவில்லை. முழங்காலால் ஸ்டியரிங்கை உந்தித் தூக்கி, ஒரு கையால் திருப்பி, வண்டியைச் சாலையின் ஓரத்திற்குக் கொண்டுவந்துவிட்டார். “ஒண்ணும் இல்லைங்க சாமி, இது அப்பப்ப இப்படித்தான் இறங்கும். வண்டி பழசுதானுங்களே” என்றார். அவருடைய குரலில் சிறிதும் நடுக்கம் இல்லை. அதுதான் நம்மைத் திகைக்கச் செய்தது. அன்றிரவு இரண்டு மணிக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. பொழுது விடிந்ததும் வண்டியை நேரே பட்டறைக்கு விடச் சொன்னோம்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வாசகர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ‘ஸ்டியரிங் ஆடுகிறது’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இருவகை ஆட்டங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பியும் முன்சக்கரம் அசையாதிருப்பது. இதனை மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பர். ஸ்டியரிங் பெட்டியின் பற்கள், டை ராடு முனைகள், தண்டின் குறுக்கு மூட்டு ஆகியவற்றின் தேய்மானத்தால் இது வரும். மற்றொன்று, திருப்பாமலேயே ஸ்டியரிங் தண்டு முழுவதும் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ அசைவது. இது டில்ட் பிடியும் அதன் தாங்கியும் தளர்ந்ததால் வருவது. முன்னது வண்டி நம் சொல்லைக் கேளாமற்போகும் நோய். பின்னது நம் கையே நிலைகொள்ளாமற்போகும் நோய். ஒன்றுக்கு மருந்து கொடுத்து மற்றொன்று தீருமென எதிர்பார்ப்பது, பல்வலிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு ஒப்பாகும்.

முதல்வகை ஆட்டத்திற்குச் சட்டமே ஓர் எல்லை வகுத்துள்ளது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, ஸ்டியரிங்கின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்கவேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. 38 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டியரிங் வளையத்தில் 30 பாகை என்பது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கை அகலம். நம் எண்ணத்தில் இது மிகத் தாராளமான சலுகையே. மலைப்பாதையில் உள்ளங்கை அகலம் திருப்பியும் சக்கரம் அசையாவிடில், சித்தேரி மலை வளைவுகளில் ஏறுபவர் என்ன ஆவார்?

சோதிக்கும் முறை எளிது, வீட்டிலேயே செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் சக்கரங்கள் நேராக இருக்குமாறு நிறுத்தவேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாயின் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சின் ஓடட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப, மற்றொருவர் வெளியே நின்று முன்சக்கரம் எப்போது அசைகிறதெனப் பார்க்கவேண்டும். அதன்பின் எஞ்சினை நிறுத்தி, டில்ட் பிடியை இறுகப் பூட்டி, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் மேலும் கீழும் அழுத்தியும், மார்பை நோக்கி இழுத்தும் பார்க்கவேண்டும். நமது வண்டியில் முதல் சோதனையில் மூன்று விரல் அகல ஆட்டம். இரண்டாவதில் வளையம் முழுவதும் முருங்கைக் கிளைபோல் அசைந்தது.

முதலில் சென்ற பட்டறையில் ஓர் இளைஞர், “நாலு இடத்துல வெல்டிங் வெச்சிடலாம் சாமி, அப்புறம் ஆயுசுக்கும் ஆடாது” என்றார். ஓட்டுநருக்கும் அதில் சம்மதம். செலவு குறைவு, அரை மணி நேர வேலை. நமக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் உண்டு. முற்காலத்து வண்டிகளில் ஸ்டியரிங் தண்டு, முன்புறப் பெட்டியிலிருந்து ஓட்டுநரின் மார்புவரை நீளும் ஒரே இரும்புக் கோலாக இருந்தது. நேருக்கு நேர் மோதும்போது அக்கோல் ஈட்டிபோல் பின்னோக்கி வந்து மார்பைத் துளைத்து மாண்டவர்கள் பலர். ஆகவே அமெரிக்க நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனது 1967-ஆம் ஆண்டு வண்டிகளில், மோதலில் மடிந்து சுருங்கும் தண்டுகளைப் பொருத்தியது. 1968 ஜனவரி முதல் அந்நாட்டில் அதற்கெனச் சட்டமும் வந்தது: 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி வரலாகாது. நமது வண்டியின் தண்டிலும் ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்களும், மோதலில் முறிந்து வழிவிடும் பிளாஸ்டிக் ஊசிகளும் உள்ளன. வெல்டிங்கின் வெப்பம் அவ்வூசிகளை உருக்கிவிடும். தாங்கியைப் பற்றவைத்தாலோ, சுருங்கவேண்டிய தண்டு மீண்டும் ஈட்டியாகிவிடும். ஆட்டம் நிற்கும் என்பது மெய்யே. என்றாலும், நன்றி கூறி வண்டியைத் திருப்பச் சொன்னோம்.

அரூரில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அனைவரும் அவரைப் பாய் என்றே அழைப்பர். அவர் வெல்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்தார். “கழட்டிப் பார்க்காம வைத்தியம் பண்ணக் கூடாதுங்க ஃபாதர்” என்று கூறி, இருக்கையில் மல்லாந்து படுத்துக் கைவிளக்கோடு உள்ளே நுழைந்தார். ஏர்பேக் உள்ள வண்டிகளில் இவ்வேலையை நினைத்தபடி தொடலாகாது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, பயிற்சி பெற்றவரே தொடவேண்டும். நமது வண்டி அவ்வசதி வருவதற்கு முந்தியது.

அவர் கண்டவை இரண்டு. தண்டினை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் தகடுகளின் ஊடே ஒரு நீண்ட போல்ட் செல்கிறது. பிடியைச் சுழற்றினால் அதன் நட்டு இறுகித் தகடுகளை நெருக்கும். ஆண்டுக்கணக்கில் பலரும் ஏற்றியிறக்கியதால் நட்டு தளர்ந்து, தகடுகள் நெருங்குமுன்பே பிடி தன் எல்லையில் முட்டி நின்றுவிட்டது. பூட்டியதாக நமக்குத் தோன்றும், பூட்டு விழுந்திருக்காது. இரண்டாவது, தண்டின் கீழ்முனை சுழலும் அச்சிலுள்ள நைலான் புஷ்கள் நொறுங்கித் தூளாகியிருந்தன. நமது மாவட்டத்து வெயிலில் மூடிய வண்டிக்குள் பிளாஸ்டிக் படும் பாட்டை எவரும் அறிவர்.

பிடியைக் கழற்றி, நட்டினை இறுக்கி, பிடி சரியான இடத்தில் பூட்டும்படி ஒரு பல் தள்ளி மாட்டினார். இவ்வளவே முதற்பழுதின் வைத்தியம். புஷ்கள் கடையில் கிடைக்கவில்லை. லேத்துப் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கி வந்தார். மேல் தாங்கியின் நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, மரையில் ஒரு துளி பசையிட்டு முடுக்கினார். காற்றுப்படும்வரை நீராகவே இருந்து, இரும்புக்கு நடுவே காற்றில்லாத இடத்தில் மட்டும் இறுகும் விந்தைப் பசை அது. 1953-இல் வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் அமெரிக்காவில் கண்டறிந்தது. அதே நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1963-ஆம் ஆண்டிலேயே டில்ட் ஸ்டியரிங்கைக் கொணர்ந்திருந்தது. அதன் பிற்கால வண்டிகள் பலவற்றில், சாய்வு மூட்டினுள் மறைந்துள்ள நான்கு போல்ட்டுகள் தளர்ந்து ஸ்டியரிங் ஆடுவது அந்நாட்டு மெக்கானிக்குகள் நன்கறிந்த கதை. அங்கும் மருந்து, கழற்றிப் பசையிட்டு முடுக்குவதே. நான்கு போல்ட்டு, ஒரு துளி பசை: இதனைப் பாயிடம் கூறியபோது, “அப்போ நானும் அமெரிக்கா மெக்கானிக்தானுங்க” என்று சிரித்தார்.

மூன்று விரல் அகலப் பிளே எஞ்சியிருந்தது. இடப்பக்க டை ராடு முனையின் ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து தேய்ந்திருந்தது. அதனையும் மாற்றியதில் ஆட்டம் ஒரு விரலுக்குள் அடங்கியது. மொத்தச் செலவு 2,850 ரூபாய். வெல்டிங்கிற்கு அவ்விளைஞர் கேட்டது 400.

திரும்பி வருகையில் நமது ஓட்டுநர் வண்டியை இடமும் வலமுமாக அலைத்துக்கொண்டே வந்தார். “என்னப்பா, சரியாகவில்லையா?” என்று வினவினோம். “வண்டி சரியாத்தான் இருக்குதுங்க சாமி. நான்தான் பழக்கதோஷத்துல ரெண்டு மடங்கு திருப்புறேன்” என்றார். இத்தனை ஆண்டுகளாக ஆட்டத்திற்கு ஈடுகொடுத்துப் பழகிய கை அது. ஒரு வாரம் வரை மலையடிவாரத்துச் சாலையில் மெதுவாகவே ஓட்டச் சொல்லியிருந்தோம். எட்டாம் நாள் விடுதிக்கு அரிசி ஏற்ற அரூருக்கு அனுப்பினோம்.