பீடத்தோடவா, பீடம் இல்லாமலா?

மரச்சிற்பம் கற்றுக்கொள்ளத்தான் மணலூர்பேட்டையிலிருந்து தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பட்டறையில் ஆசாரி அண்ணன் என் கையில் கொடுத்தது உளி இல்லை, ஆர்டர் நோட்டு. "ப்ளஸ் டூ படிச்சிருக்க, இங்கிலீஷு கொஞ்சம் வரும்ல? மொதல்ல வர்றவங்க என்ன கேக்குறாங்கன்னு புரிஞ்சுக்க. மரத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னை வியாபாரிகள், மலையாளிகள், சேட்டுகள், திருவண்ணாமலை ஆசிரமங்களில் தங்கும் வெள்ளைக்காரர்கள் என்று பலரும் பட்டறைக்கு வருகிறார்கள். "ரெண்டடிப் பிள்ளையார்" என்பார்கள். எங்களுக்கு ரெண்டடி என்றால் உச்சி முதல் பாதம் வரை. பீடம் அந்தக் கணக்கில் வராது. வாங்குகிறவரோ வீட்டு மாடத்தை அளந்துவிட்டு வந்திருப்பார். நாலு அங்குலப் பீடத்தோடு சிலை உள்ளே நுழையாது. இரண்டு பேருமே சரியாகத்தான் பேசியிருப்பார்கள். அதனால் நோட்டில் உயரத்துக்குப் பக்கத்திலேயே 'பீ.உ.' (பீடம் உட்பட) அல்லது 'பீ.இ.' (பீடம் இல்லாமல்) என்று எழுத வேண்டும் என்பது அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

இடது, வலது இன்னும் மோசம். ஆசாரிக்கு இடது என்றால் சாமியின் இடது. எதிரே நிற்பவருக்குத் தன்னுடைய இடது. தும்பிக்கையைத் தன் வலப்பக்கம் கேட்டவருக்கு, சாமியின் வலப்பக்கம் திரும்பிய வலம்புரி போய்ச் சேர்ந்தால் சும்மா விடுவாரா? வலம்புரியை வீட்டில் வைக்கத் தயங்குகிறவர்கள் நம்மில் நிறைய.

ஒரு பிரெஞ்சு அம்மா வந்திருந்தார். பிள்ளையார் கொஞ்சம் உயரமாக, ஒல்லியாக வேண்டும் என்றார். அண்ணன் பேசாமல் நின்றார். வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் பேசாமல் நின்றாலே மாட்டேன் என்று அர்த்தம், பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அட்வான்ஸை நீட்டினார். அண்ணன் பணத்தை வாங்கவில்லை. வாகைப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து சாக்பீஸால் கோடு போட்டார். முகத்தின் நீளம் ஒரு தாளம். சிவன், விஷ்ணுவுக்கெல்லாம் பத்துத் தாளம் வரை போகலாம், பிள்ளையாருக்கு ஐந்துதான். அந்த ஐந்து கட்டத்துக்குள் தொப்பையும் தும்பிக்கையுமாக ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். பக்கத்திலேயே அவர் கேட்ட மாதிரியும் ஒன்று வரைந்தார். அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவதைத் தொட்டு, "இவர் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணனும் சிரித்துவிட்டார். அதுவரைக்கும் என்னுடைய இங்கிலீஷுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

அன்றிலிருந்து யார் வந்தாலும் பலகையும் சாக்பீஸும்தான். வாங்குகிறவர் கையாலேயே ஒரு கோடாவது போடவைப்போம்.

பலகையில் வரைந்து காட்ட முடியாத சங்கதிகளும் உண்டு. குளிர்நாட்டில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடினால் காற்று காய்ந்துபோகும். மரம் ஈரத்தை விட்டுச் சுருங்கி, விரிசல் விடும். அதைப் பார்த்தவர் பச்சை மரத்தை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். அதனால் வெளிநாட்டுக்குப் போகும் சிலைகளின் முதுகை அண்ணன் குடைந்துவிடுவார். உள்ளே கனம் குறைந்தால் விரிசலும் குறையும். கொட்டாப்புளியும் உளியும் கொடுத்து எனக்குத் தந்த முதல் வேலை இந்தக் குடைதல்தான். முகத்தைத் தொட விடவில்லை.

தேதியிலும் தகராறு வரும். தை 5 அன்று அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு எங்கள் ஊருக்கு வருவார். அன்றைக்கு நான் எங்கே பட்டறைக்குப் போவது? பொங்கல் வாரத்தில் டெலிவரி கேட்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னால் கோபப்பட மாட்டேன் என்கிறார்கள். ஆற்றுத் திருவிழாவுக்கு நாங்களும் வரலாமா என்றுதான் கேட்கிறார்கள்.

இப்போது பாதி ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. செல்ஃபி கேமராவில் எடுத்தால் சில போன்கள் படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் பதிந்துவிடும், இடதும் வலதும் மறுபடி குழம்பும். அதனால் சாமியின் வலது கையில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிப் படம் எடுத்து அனுப்புகிறோம். பெங்களூர்க்காரர் ஒருவர் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, அந்தச் சிவப்புக் கயிறு மட்டும் காணோமே என்று போன் செய்தார். கவரில் போட்டு அனுப்பி வைத்தோம்.